உள்பக்கத் தையல்

ஏரிக்கரை விடுதியின் பால்கனிக் கம்பியில் மனைவியின் நீலச் சட்டை உள்புறம் வெளியே தெரியும்படி காய்ந்துகொண்டிருந்தது. டீ கிளாசோடு வந்து நின்ற டெய்லர் வழக்கம்போல் ஏரியைப் பார்க்காமல் தையலைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அதன்மேல் கவிழ்ந்து கிடக்கிற சாம்பல் வானம். அவருக்கோ விடுதித் திரைச்சீலையின் மடிப்பு கால் இஞ்ச் கோணல் என்பதுதான் வந்த நிமிஷத்திலிருந்து உறுத்தல்.

முப்பத்தொரு வருஷத்தில் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கும் போனதில்லை. ஊரில் அவர் அளவெடுக்காத உருப்படிகள் இரண்டே இரண்டு: மணிக்கூண்டு, தபால்பெட்டி. மற்றபடி அத்தனை பேர் இடுப்பும் அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தது. கடை வாசலில் நின்றபடியே, "ரெண்டு இஞ்ச் ஏறிட்டீங்க சார், ராத்திரி சாப்பாட்டைக் குறைங்க" என்பார். பாங்க் மேனேஜர் அவருக்குப் பயந்து அடுத்த தெருவையே சுற்றிக்கொண்டு போவதாகக் கேள்வி. அப்படிப்பட்ட மனிதரை, "நாலே நாள். கோடை முடியறதுக்குள்ள ஒரு ஏரியைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று மனைவி கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். அதுவரை எதையுமே கேட்காதவள் கேட்டதால் அவருக்குத் தட்ட வழியில்லை.

"ஏம்மா, இந்தச் சட்டையை எந்தக் குருடன்கிட்ட குடுத்தே? கோழி நடந்தாப்பல போவுது தையல்."

உள்ளிருந்து, "ஏன், நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"நான் மெஷின்ல போட்டதை எவனோ கையால பிடிச்சிருக்கான். ஆளைக் காட்டு, இனிமே ஊசியைத் தொடமாட்டேன்னு எழுதி வாங்கிட்டு வர்றேன்."

சிரித்தபடியே பக்கத் தையலை விரித்துப் பார்த்தார். அவருடைய வரிக்கு அரை இஞ்ச் உள்ளே ஒரு கைத்தையல். அதற்கும் அரை இஞ்ச் உள்ளே இன்னொன்று, வேறு நூலில். அதற்கும் உள்ளே மூன்றாவது. அதில் நூலின் பளபளப்புகூடப் போகவில்லை. முன்துணி, பின்துணி, இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றளவில் ஆறு இஞ்ச் குறைந்திருந்தது. சிரிப்பு, எடுத்து வைக்க மறந்ததுபோல முகத்திலேயே கிடந்தது.

அவளுக்கு அவர் டேப் வைத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பெண்டாட்டி அளவு தெரியாதா என்று அந்தப் பழைய கணக்கிலேயே வெட்டித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சட்டையும் கையுமாக உள்ளே போனார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு குழி. அது எப்போது வந்தது?

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"டாக்டர்கிட்ட..."

"போயிட்டு வந்தாச்சு. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. திங்கக்கிழமை சொல்லுவாங்க." சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டினாள். "இன்னைக்கு சனி. அதுவரைக்கும் இதைப் பத்திப் பேச வேணாம். முடியுமா உங்களால?"

"எங்கிட்ட மறைச்சுட்டியே."

"மறைக்கலைங்க. தெனம் உங்க முன்னாடிதானே நடந்தேன்."

மத்தியானச் சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூட அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் படகு எடுத்தார்கள். ஆளுக்கொரு துடுப்பு என்று அவள் பிடிவாதம். அவர் நாலு தள்ளு தள்ளியதும் படகு அவள் பக்கமாகத் திரும்பி, போட்ட இடத்திலேயே வட்டமடித்தது.

"என்னங்க இது, கெணத்துல விட்ட மாதிரி."

அவர் தன் தள்ளலைக் குறைத்தார். போதவில்லை. இன்னும் குறைத்தார். கடைசியில் துடுப்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போனபோதுதான் இரண்டு பக்கமும் சமமாகி, படகு நேராக நகர ஆரம்பித்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. தூறல் விழத் தொடங்கியது.

"திரும்பிடலாமா?" என்றார்.

அவள் தலையசைத்து மறுத்தாள். எதிர்க்கரை மழையில் மறைந்துகொண்டிருந்தது. படகு அதை நோக்கியே போய்க்கொண்டிருந்தது, போகிறதென்று தெரியாத வேகத்தில்.