இன்ஜினுக்கு ஒரு கடிவாளம்

மருமகள் பல்செட்டு செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு வீட்டுப் பின்னறையில் மெழுகு செதுக்குவாள், உலோகம் வார்ப்பாள், தேய்த்து மெருகேற்றுவாள். மாமனார் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உயிர் குட்டி விமானங்களில். ஞாயிறு விடிந்தால் ரிமோட்டும் கையுமாகத் திடலுக்குக் கிளம்பிவிடுவார்.

திடலை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு வந்ததும் வினை பிறந்தது. சத்தம் தாங்கவில்லை என்று குடிவந்தவர்கள் கொதித்தார்கள். விமானச் சங்கத்தின் செயலாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: சைலன்சர் இல்லாத இன்ஜின் இனி உள்ளே வரக்கூடாது.

மாமனாரிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் பழங்கால இன்ஜின். அதற்குச் சைலன்சரும் கிடையாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழியும் கிடையாது. எண்ணெய் தீரும்வரை முழு வேகத்தில் அலறும்; தீர்ந்தால் விமானம் காற்றில் சறுக்கி இறங்க வேண்டியதுதான். புதியது வாங்கலாமே என்று மகன் வாயெடுத்தான். அப்பா பார்த்த பார்வையில் மீதி வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

இரண்டு ஞாயிறு அவர் வீட்டிலேயே உட்கார்ந்தார். மாமியார் மருமகளைத் தேடி பின்னறைக்கே வந்துவிட்டாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும்மா. அந்த இன்ஜினுக்கு ஏதாவது செஞ்சு குடு. இந்த மனுஷன் வீட்ல இருந்தா, உப்பு டப்பாவுக்குக்கூட ரிப்பேர் பாக்குறாரு."

வேகக் கட்டுப்பாடு, சைலன்சர் இரண்டுமே செய்து தருவதாக மருமகள் சொன்னாள். வேகக் கட்டுப்பாட்டுக்கு மாமனார் உடனே தலையாட்டினார். சைலன்சர் என்றதும் முகம் சுண்டிப் போயிற்று.

"இன்ஜின்னா கத்தணும்மா. வாயைக் கட்டிப்போட்டா அதுக்குப் பேரு இன்ஜினா?"

"கத்தினா உள்ள விடமாட்டாங்க மாமா."

"விடாட்டிப் போறாங்க!" என்று எழுந்து போனார். மறுநாள் காலையில் அவள் மேசைமேல், துணி விரித்து அதன்மேல், இன்ஜின் இருந்தது.

பழைய உடம்பில் ஒரு ஓட்டைகூடப் போடுவதில்லை என்று அவள் முதலிலேயே முடிவு செய்துகொண்டாள். காற்று போகும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்துகிற மாதிரி பித்தளையில் ஒரு உருளை கடைந்தாள். அதன் குறுக்கே ஒரு துளை. உருளை திரும்பினால் துளை திறக்கும், மூடும். காற்றும் எண்ணெயும் அந்த அளவுக்கே போகும். அடுத்தது சைலன்சர். புகை வரும் வாயின் வடிவத்தை, பல்லுக்கு அளவு எடுக்கும் ரோஸ் நிறப் பசையை அப்பி எடுத்தாள்.

எட்டிப் பார்த்த மாமியார், "என்ன, இன்ஜினுக்கும் பல்லு கட்டுறியா?" என்றாள்.

அந்த அச்சுக்கு அலுமினியம் வார்த்து, ஒரு குழல் சேர்த்து, இன்ஜினைச் சுற்றி உலோகப் பட்டையால் இறுக்கிக் கட்டினாள்.

கொல்லைப்புறத்தில் ஒரு பலகையில் இன்ஜினை முடுக்கி, அதன் முனையில் விமான விசிறியை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பழைய அலறல் இல்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். அவள் உருளையைத் திருப்ப, முனகலும் தணிந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல்.

மாமனார் எண்ணெய்ப் புட்டியை எடுக்கத் திரும்பியிருந்தார். மறுபடி இன்ஜின் பக்கம் குனிந்தவர், "ச்சே, நின்னுபோச்சே" என்றபடி விசிறியின் நடுவே கையை நீட்டினார்.

ஓடும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சட்டைக் கையின் பட்டன் தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. உருளையை ஒரேயடியாக மூடினாள், இன்ஜின் நின்றது.

இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஓடிக்கிட்டிருக்கு மாமா! ஓடிக்கிட்டிருக்கும்போது கையை விடுறீங்களே!"

அவர் பட்டன் போன இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கேக்கலம்மா," என்றார் கடைசியில். "முன்னெல்லாம் அது கத்துறது மட்டுமாவது கேக்கும். சத்தத்தை வெச்சுத்தான் ஓடுதா, திணறுதான்னு தெரிஞ்சுக்குவேன். அதையும் மூடிட்டா நான் எதை வெச்சு விமானம் விடுறது?"

இத்தனை நாள் அதை வீம்பு என்று நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மாமியாரிடம் மறைக்க மனமில்லை; அன்றே சொன்னாள்.

"எனக்குத் தெரியாததா?" என்றாள் மாமியார். "ஒரு வருஷமா நான் கத்துறது தெருவுக்கே கேக்குது, அவருக்கு மட்டும் கேக்கல. அவரா சொல்லட்டும்னு இருந்தேன்."

இனி விசிறி நிற்பதைக் கண்ணால் பார்த்து மருமகள் தலையாட்டினால்தான் கிட்டே போவது என்று பேச்சாயிற்று. அவரும் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறன்று செயலாளர் சத்தம் அளக்கும் கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா உங்க பழைய ராட்சசன்?" என்று கேட்டார். மாமனார் வாயசைவை வைத்தே புரிந்துகொண்டு சிரித்தார்.

விமானம் ஏறியது. கொஞ்ச நேரம் அவர் முகம் கல்லாக இருந்தது; மேலே ஓடுகிறதா நின்றதா என்று தெரியாத தவிப்பு. அவள் அவர் தோளைத் தொட்டு, ரிமோட்டில், பித்தளை உருளையைத் திருப்புவதற்கென்று அவள் இணைத்திருந்த வேகக் குச்சியைக் காட்டினாள். அவர் அதைக் கீழே இழுத்தார். விமானம் மூக்கைத் தாழ்த்தி மெதுவாயிற்று. மேலே தள்ளினார், எம்பி ஏறியது. மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார்.

"கூப்பிட்டா வருதும்மா!" என்று திடலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

இறங்கும்போது வேகத்தை ரொம்பக் குறைத்துவிட்டார். இன்ஜினுக்கு மூச்சுத் திணறி நின்றுபோக, விமானம் புல்லில் குப்புற விழுந்து ஒரு சக்கரம் கழன்றது. வேகம் குறையும்போது காற்று போதவில்லை, பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை வேண்டும் என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

மாமனார் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில், தானாகவே, "காது டாக்டர்கிட்ட எப்பப் போகலாம்?" என்றார்.

"நாளைக்கே போலாம் மாமா," என்று அவர் காதருகே சொன்னாள்.