இரு பக்கமும் திறந்த தலையணை உறை

அண்ணனுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தபோது தையல்காரி ஒரு திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மடிப்பைத் தைத்து முடித்து, நூலை வெட்டி, குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று போனில் அலறினார்கள். அந்த மனிதர் விஷயத்தில் வருடக் கணக்காகப் பொறுத்தவள், ஒரு மடிப்புக்குப் பொறுக்க மாட்டாளா?

உறவுக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெட்டி டாக்டர் என்று பெயர். பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முதலுதவிப் பெட்டிக்கு யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று கம்பெனி அவருக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தது. அதிலும் பாதி நேரம் டீ குடிக்கப் போயிற்று. போகும்போது ஸ்டோர் கீப்பராகப் போனவர் திரும்பும்போது டாக்டராக வந்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் யாராவது தும்மினால் போதும், சட்டைப் பையிலிருந்து ஆஸ்பிரின் அட்டையை உருவிவிடுவார். தலைவலியா, ஒன்று. காய்ச்சலா, ஒன்று. இரண்டும் சேர்ந்திருக்கிறதா, இரண்டு. வயிறு காலியாக இருக்கிறதா, அல்சர் உண்டா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார்களா என்றெல்லாம் அவர் கேட்டதே கிடையாது. கேள்வி கேட்டால் அது அரை நாள் டாக்டருக்கு மரியாதைக் குறைவு.

அவர் வீட்டின் பின்கட்டில்தான் தையல்காரி அப்போது மகளோடு இருந்தாள். புருஷன் செத்துப்போன பிறகு அண்ணன்தான் இடம் கொடுத்தார். கொடுத்ததைத் தினமும் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்தவும் செய்தார். மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் முழுக்க ஃப்ளூ காய்ச்சல் பரவிய சமயம். தையல் கம்பெனியில் லீவு இல்லை. குழந்தையை அண்ணன் பார்வையில் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனாள். காய்ச்சல் இறங்கியது. "பாத்தியா?" என்று அண்ணன் மார்தட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் குழந்தை விடாமல் வாந்தி எடுத்தது. அம்மாவைப் பார்த்து யார் நீ என்று கேட்டது. பிறகு எதையுமே கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு மருத்துவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் ஏதாவது குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மாதிரி காய்ச்சல்ல குழந்தைங்களுக்கு அதைக் குடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் பாதிச்சிடும்."

தையல்காரி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மருத்துவரைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். ஈரத்துணி போட்டுத் தொடச்சோம். அவ்வளவுதான்."

அந்த ஒரு 'இல்ல'வை நம்பி அவர்கள் வேறெங்கெல்லாமோ காரணம் தேடினார்கள். உண்மை நோய் பிடிபடும்போது நேரம் கைமீறிப் போயிருந்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. வலது கை நடுங்கியது, இன்றுவரை நடுங்குகிறது. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்று தையல்காரி படுக்கையை உதறினாள். குழந்தையின் தலையணை உறைக்குள்ளிருந்து ஆஸ்பிரின் அட்டை விழுந்தது. பெரும்பாலும் காலி அட்டை.

அதைக் கொண்டுபோய் அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அது எனக்குத் தலைவலின்னு வெச்சிருந்தது. எங்கேயோ மாறிப் போயிருக்கும்" என்றார், கண்ணைக் கூடச் சிமிட்டாமல். அதோடு விட்டாரா? தங்கச்சி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஊசிப்போன சாப்பாட்டால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று உறவு முழுக்கச் சொல்லி வைத்தார். எல்லோரும் நம்பினார்கள். டாக்டர் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? பெற்ற பிள்ளையை இவளே கெடுத்துவிட்டாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் பின்கட்டைக் காலி செய்தாள். தவறுக்காக அவள் அவரை வெறுக்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அழுது தீர்த்திருப்பாள். அந்தப் பொய்யைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அவர் வாயிலிருந்து 'ஆமா' வருகிற நாளுக்காக அவள் கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

இப்போது அண்ணி இல்லை. அண்ணன் மகன் கடல் கடந்து இருக்கிறான். "அத்தை, கொஞ்ச நாளைக்கு அப்பாவை நீங்கதான் பாத்துக்கணும், வேற யாரு இருக்காங்க?" என்று போனில் கெஞ்சினான். சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில் அவனுக்கே ஆச்சரியம். அத்தைக்குப் பெரிய மனசு என்று சொன்னானாம். மனசு பெரியதுதான், உள்ளே என்ன இருந்தது என்று அவன் பார்க்கவில்லை.

இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வார்டு டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் கறார். அண்ணனையும் தங்கையையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "தினமும் சின்ன ஆஸ்பிரின் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். கூடவே ரத்தம் உறையாம இருக்க இந்த இன்னொரு மாத்திரை. நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா கூட்டவும் கூடாது. நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கும். கூட்டினா வயித்துல ரத்தம் கசியும். கடையில வலி மாத்திரை வாங்கிப் போடவே போடாதீங்க. வலி வந்தா பாராசிட்டமால், அதுவும் அளவோட. மலம் கறுப்பாப் போனா, மயக்கம் வந்தா, உடனே கூட்டிட்டு வாங்க."

பெட்டி டாக்டர் புன்னகையோடு தலையாட்டினார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குத் தலையாட்டுவதைப் போல.

தையல்காரியின் வீட்டு முன்னறையில், தையல் மிஷினுக்கு எதிரே அவருக்குக் கட்டில் போட்டாள். அவள் வெட்டித் தைத்த போர்வை, அவள் தைத்த தலையணை உறை. மகள் இப்போது வளர்ந்த பெண். அம்மாவுக்குத் துணி மடித்துக் கொடுப்பாள், பட்டன்களை நிறம் பார்த்துப் பிரிப்பாள். மாமாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவருவதை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கை நடுங்கித் தண்ணீர் சிந்தும். மாமா அந்தக் கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். அந்த முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பாள். ஒன்றும் அசையாது.

பழைய முட்டி வலி கொஞ்ச நாளில் கிளம்பியது. முட்டி வீங்கியும் இருந்தது. தையல்காரி பாராசிட்டமாலை நீட்டினாள்.

"இதுவா?" என்று உதட்டைப் பிதுக்கினார். "வீக்கத்துக்கு இது எதைக் கேக்கும்? இது குழந்தைங்களுக்குக் காய்ச்சல் வந்தா குடுக்கிறது."

அவள் கையில் மாத்திரை அப்படியே நின்றது. குழந்தைங்களுக்குக் குடுக்கிறது. எது குழந்தைக்குக் கொடுக்கிறது, எது கொடுக்கக் கூடாதது என்று மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! கொடுத்தபோது தெரியாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். தெரிந்துகொண்டும் ஊசிப்போன சாப்பாட்டுக் கதையை மாற்றாமல் வைத்திருக்கிறார். மாத்திரையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். அன்று தைத்த தையலெல்லாம் கோணலாகப் போனது, பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

தினமும் சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தெருமுனை வரை நடப்பார். தெருமுனையில் மருந்துக்கடை இருந்தது. அந்த வாரம் துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து ஓர் அட்டை நழுவி அவள் பாதத்தில் விழுந்தது. ஆஸ்பிரின். பெரிய மாத்திரை. பாதி காலி.

இடம்கூட மாறவில்லை. மறைக்க வேறு இடமே தெரியாத மனிதர்.

டாக்டரம்மா சொன்னது வரிக்கு வரி ஞாபகம் வந்தது. அட்டையைத் தூக்கிக் குப்பையில் போடலாம். போட்டிருக்க வேண்டும். அவள் புது உறை மாட்டினாள், அட்டையை அதே மூலையில் அதே மாதிரி செருகினாள், தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். அவளாக எதையும் கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்குப் போட்டுக்கொள்கிறார், அவள் பாட்டுக்குத் தைக்கிறாள். சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவரிடம்தானே கற்றுக்கொண்டாள்? அதற்குப் பிறகு தினமும் அட்டையைப் பார்த்தாள். காலிக் குழிகள் கூடிக்கொண்டே வந்தன. அண்ணன் முட்டி வலி இல்லாமல் ஜோராக நடந்தார். "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றாள்.

ஒரு காலை குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முகம் வெளுத்து வெள்ளைத் துணியாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். தார் மாதிரி கறுப்பு. மகள் ஓடிவந்து மாமாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அம்... மா... ஆட்... டோ..." என்று கத்தினாள். தையல்காரி தலையணை உறைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் ஆட்டோவைக் கூப்பிடப் போனாள்.

அதே டாக்டரம்மா ஓடிவந்தாள். கையில் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "வேற வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? ஆஸ்பிரின் எக்ஸ்ட்ராவா எடுத்தீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார். "இல்ல டாக்டர்."

சாகிற நேரத்திலும் அதே 'இல்ல'. அதே தொனி, அதே சிமிட்டாத கண். டாக்டரம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. எதனால கசியுதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண முடியும்."

இத்தனை வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான் போல. ஒரே ஒரு 'இல்ல' சொன்னால் போதும். அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் திரைச்சீலை தைக்கலாம். யாரும் அவளைக் கேட்க முடியாது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்தச் சொல். மகள் கட்டிலோரத்தில் நின்று, நடுங்கும் கையால் மாமாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செத்துப்போனால் 'ஆமா' யார் சொல்வது?

தையல்காரி அவர் காதருகே குனிந்தாள். பிறந்ததிலிருந்து அண்ணனை நீங்க என்றே கூப்பிட்டவள்.

"நீயே சொல்லு. இப்ப போட்டதையும் சொல்லு, அன்னைக்கு இவளுக்குக் குடுத்ததையும் சொல்லு. ரெண்டையும் சேத்துச் சொன்னாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

"அம்மா, என்ன பண்றீங்க? நேரமாகுது!" என்றாள் டாக்டரம்மா.

"அவருக்குத்தான் நேரமாகுது."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் நகரவில்லை. அவர் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. முதல் தடவையாக அவர் பார்வை ஜன்னலுக்குப் போகாமல், தன் காலைத் தேய்க்கிற அந்தக் கைக்குப் போனது.

"ஆமா" என்றார். "போட்டேன். அன்னைக்கும்... குழந்தைக்கு நான்தான் குடுத்தேன். கேட்டப்போ பயந்துட்டேன். இல்லன்னு சொல்லிட்டேன்."

நர்ஸும் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரரும் அவர் மனைவியும் கேட்டார்கள். மகளும் கேட்டாள். தேய்த்த கை நின்றது, பிறகு மெல்ல மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தது. தையல்காரி பையிலிருந்து அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, வெறும் வயிற்றிலா, எல்லாம் சொன்னாள். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று டாக்டரம்மா கேட்டதற்கும், தெரியும் என்றாள். டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வையில் ஈட்டி இருந்தது. அதைத் தையல்காரி தலைகுனியாமல் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வருத்தமாக இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

அண்ணன் பிழைத்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். சின்ன ஆஸ்பிரினை நிறுத்தாமல், வயிற்றுக்கு ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் படுத்திருந்தபோதே தையல்காரி கடல் கடந்த மகனில் தொடங்கி ஒவ்வோர் உறவுக்காரரையும் போனில் கூப்பிட்டு, போனை அண்ணன் காதில் வைத்தாள். ஊசிப்போன சாப்பாட்டுக் கதையை யார் யாரிடம் சொன்னாரோ, அத்தனை பேரிடமும் அவரே வாயால் திரும்ப எடுத்துக்கொண்டார். குரல் போய்விட்டது என்றார். தண்ணீர் குடிச்சிட்டுச் சொல்லு என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது முன்னறைக் கட்டிலில் புது உறை போட்ட தலையணை இருந்தது. உறைக்கு இரண்டு பக்கமும் வாய். திரைச்சீலைத் துணியில் மிச்சம் விழுந்ததைக் கொண்டு அவளே தைத்தது. மூலை என்று ஒன்று இல்லாததால் அதில் எதையும் ஒளிக்க முடியாது.

சாப்பாடு முடிந்ததும் மகள் மாத்திரையோடு வருவாள். கொடுக்குமுன், அம்மா சொல்லித் தராமலே தானாகப் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று அவளுக்கு இருந்தது.

"மா... மா... வே... ற... மாத்... தி... ரை... போட்... டீங்... களா?"

அந்தக் கேள்வி முடிய வெகு நேரம் பிடிக்கும். முடியும்வரை அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்தால் அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"இல்லம்மா" என்பார். இந்தத் தடவை நிஜமாகவே இல்லைதான்.

மகள் தலையணையை எடுத்து, உறையின் ஒரு வாயில் நடுங்கும் கையை விட்டு மறு வாயில் வெளியே நீட்டி, விரல்களை ஆட்டிக் காட்டிச் சிரிப்பாள். பிறகுதான் மாத்திரை. தையல்காரி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் மிதித்துக்கொண்டே இருப்பாள்.