ஆரஞ்சுத் தோல் தண்ணீர்

தபால் ஆபீஸில் ஆயுசெல்லாம் முத்திரை குத்திய மனிதர், ஓய்வு பெற்றதும் வீட்டில் விஞ்ஞானி ஆகிவிட்டார். தரை கழுவும் திரவமெல்லாம் பகல் கொள்ளை, வீட்டிலேயே சல்லிக் காசில் செய்யலாம் என்று செல்போனில் எவனோ சொன்னானாம். அன்றோடு அவர் மனைவிக்குச் சமையலறை சொந்தமில்லாமல் போயிற்று. ஊறுகாய் ஜாடிகளில் ஊறுகாய் இல்லை, வினிகரில் மிதக்கும் ஆரஞ்சுத் தோல். வீடே புளித்து நாறியது.

“இதுக்குப் பேரு வாசனையா? செத்த எலிக்கு சென்ட் அடிச்ச மாதிரி இருக்கு.”

“இயற்கை மணம்டி. உனக்கு என்ன தெரியும்?”

வினிகரில் சமையல் சோடாவைப் போட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். அதைப் பார்த்து மனிதர் கை தட்டுவார். நுரை அடங்கினால் கறை போட்டது போட்டபடி கிடக்கும். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். போன மாதம் குளியலறைத் தரையின் பழுப்புக் கறையோடு காலையெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு அவர் தூங்கப் போனபோது, அவள் தரையைக் கழுவிவிட்டு, கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த பிளீச்சை ஊற்றித் தேய்த்தாள். எழுந்து வந்து பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

“ஊற விடணும், அதான் சூட்சுமம்!”

மாடி மாடியாக ஏறி ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தார். கூறுகெட்ட மனுஷன் என்று அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் வினை வந்தது. அவருடைய அக்கா வருகிறாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவள். தம்பியை ‘மக்கு’ என்றல்லாமல் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அவள் கண்ணெதிரே வாசற்பக்கக் குளியலறையின் கறையைப் போக்கிக் காட்டப் போகிறாராம்.

“வேண்டாங்க. அண்ணி வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

“இந்தத் தடவை அக்கா வாயை அடைக்கிறேன் பாரு.”

கறையா போகும்? மானம்தான் போகும். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் அந்த மகராசி. கட்டினவள் ஆயிரம் திட்டலாம், அது வீட்டுக்குள் இருக்கிற சங்கதி. சிரிக்க அவள் யார்? அக்காவை அழைத்து வர அவர் வாசலுக்குப் போன நேரம் பார்த்து, ஆரஞ்சுத் தோல் தண்ணீர் பாட்டிலில் பிளீச்சைக் கணிசமாக ஊற்றி மூடினாள். நெடி சுருக்கென்று மூக்கைக் குத்தியது. அப்படியானால் நன்றாக வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

மணம் வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, அவர் குனிந்து பாட்டிலைக் கவிழ்த்தார். ஈரத்தில் கால் வைக்க மாட்டேன் என்று அக்கா கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அவருக்கு இருமல் கிளம்பியது.

“காரம்க்கா... நல்ல காரம்” என்று சிரிக்கப் பார்த்தவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. மூச்சு ஏறவில்லை. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாய்ந்து அவரை வெளியே இழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் முகத்திலிருந்த ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்றே கழற்றியதும் அக்காதான் ஆரம்பித்தாள்.

“மக்குன்னு சும்மாவா சொன்னேன்? தன் கையாலயே தனக்கு விஷம் காய்ச்சிக்கிட்டான்.”

“அளவுல ஏதோ தப்புப் பண்ணிட்டேன்க்கா” என்றார் அவர், கம்மிய குரலில். மனைவியைப் பார்த்து, “மாடி வீட்டுக்காரங்களுக்குக் கொடுத்த பாட்டிலை எல்லாம் திருப்பி வாங்கிடு. பாவம், குழந்தைங்க இருக்கிற வீடு” என்றார்.

அவள் கட்டிலருகே வந்தாள்.

“உங்க தண்ணியில ஒரு ஈ கூடச் சாகாது. நான்தான் அதுல பிளீச்சை ஊத்தினேன். வினிகரோட சேர்ந்தா விஷப் புகையாகும்னு எனக்குத் தெரியாது. அண்ணி முன்னாடி நீங்க தலைகுனியக் கூடாதுன்னு ஊத்தினேன்.”

அக்கா வாயடைத்துப் போனாள். கொல்லப் பார்த்தியாடி என்று கத்துவார் என மனைவி காத்திருந்தாள். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

“அப்ப... போன மாசம் போன கறை?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகமூடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.