ஓட்டைவாய் காத்த ரகசியம்

ஜோவிதாவுக்கு வாயில் எதுவும் நிற்காது. இதை அவள் அம்மா ஹெப்சி டீச்சரே ஊரறியச் சொல்லுவாள். பக்கத்து வீட்டில் புது டிவி வந்து இறங்கினால், பெட்டி வாசற்படி ஏறுவதற்குள் சேலையூர் முழுக்கச் சேதி போய்விடும். ஐந்தாம் வகுப்புப் பெண். மிஸ் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துவாள், அதுவும் போன கேள்விக்கான பதிலாக இருக்கும். சாப்பாட்டுப் பை வேனில், தண்ணீர் பாட்டில் மைதானத்தில், ஒரு கால் சாக்ஸ் எங்கே போனது என்பது கர்த்தருக்கே வெளிச்சம். வகுப்பில் அவளுக்கு ‘ஓட்டவாய்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள் எட்டு மாதமாக ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும்.

போன ஜூனில் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அவளைக் காட்டினார்கள். லேசான ஏடிஎச்டி, அதாவது கவனச்சிதறலும் துறுதுறுப்பும் கூடிய அறிகுறிகள்தான், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை வேண்டாம், பயிற்சி போதும் என்று சொல்லி, பொழிச்சலூரில் ஒரு மாடி அறையில் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிற கோகிலவாணியிடம் அனுப்பினார் அவர். வீட்டுக்கு வந்ததும் ஹெப்சி கதவைச் சாத்தினாள்.

"ஜோ, இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கணும். யார் கேட்டாலும் கீபோர்டு கிளாஸ் போறேன்னு சொல்லு. வெளிய தெரிஞ்சா உன்ன ஒரு மாதிரி பாப்பாங்க."

"நீ சொல்லிடுவியா மம்மி?"

"நான் ஏன்டி சொல்லப்போறேன்? பிராமிஸ்."

சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்துச் செய்த சத்தியம். அப்பா தனசிங் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பைக்கைத் துடைக்கப் போனார்.

சனிக்கிழமை தோறும் அவர்தான் அழைத்துப் போவார். கோகிலா அக்கா சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து விளையாட வைத்தாள். பையில் எது எங்கே என்று படம் வரைந்து ஒட்ட வைத்தாள். முக்கியமாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தாள்.

"வாய் வரைக்கும் வார்த்தை வந்துச்சுன்னா, இடது கை விரல ஒவ்வொண்ணா அழுத்து. அஞ்சாவது விரல் முடிஞ்சப்புறமும் சொல்லணும்னு தோணுச்சா, தாராளமா சொல்லு. வார்த்தை உன்னோடதுதான், எங்கயும் ஓடிடாது."

கேட்க ஏதோ விளையாட்டு போல இருக்கும். பத்து வயதில் அதைச் செய்து பாருங்கள், தெரியும். முதல் மாதம் இரண்டாம் விரலைத் தாண்டவில்லை. தீபாவளி லீவுக்குள் நான்காவது வரை வந்தாள். இதற்கிடையில் கெசியா வேறு. ஒரே வகுப்பு, ஒரே சர்ச், ஒரே வேன்.

"என்ன பாட்டுடி கத்துக்கிட்ட?"

"இன்னும் தியரிதான் ஓடுது."

"இத்தன மாசமாவா? நீ சரியான மக்கு."

ஜோவிதா விரல்களை அழுத்திக்கொண்டு மக்குப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டாள். அரையாண்டுத் தேர்வு அட்டையில் ‘வகுப்பில் பொறுமை கூடியிருக்கிறது’ என்று மிஸ் எழுதியிருந்தார். அந்த அட்டையை அவள் மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள்.

பிப்ரவரியில் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஹெப்சியின் வீட்டு முறை. யார் வீட்டில் கூட்டமோ அவர்கள் சாட்சி சொல்ல வேண்டும், அதாவது தங்கள் வாழ்க்கையில் தேவன் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். போன மாதம் கெசியாவின் அம்மா தபீதாள் வீட்டில், கிட்னிக் கல் தானாகக் கரைந்த சாட்சி. கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கல் கரைந்த வீட்டுக்குப் பிறகு சளி குணமானதைச் சொன்னால் எடுபடுமா? ஹெப்சி ஒரு வாரமாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஹால் நிறைந்துவிட்டது. கெசியா முன்வரிசைப் பாயில், ஜோவிதாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை நடத்தும் சபை ஊழியர் சாலமோன் தலையசைக்க, ஹெப்சி எழுந்தாள்.

"என் பிள்ளைக்கு ஒரு பெரிய குறை இருந்துச்சு. ஏடிஎச்டின்னு சொல்லுவாங்க. ஒரு இடத்துல உக்கார மாட்டா, கவனமே கிடையாது. பழைய ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் படிக்கறப்ப, படம் வரைஞ்சுக்கிட்டே பாத்ரூம் போக மறந்து, கிளாஸ்லயே நனைச்சுக்கிட்டா. நான்தான் போய் துணி மாத்தி கூட்டிட்டு வந்தேன்."

கெசியாவின் தலை திரும்பியது. ஜோவிதாவுக்குக் காது இரண்டும் எரிந்தன.

"டாக்டர், ட்ரீட்மென்ட்னு எதுவும் இல்ல. ராத்திரி பகலா முழங்கால்ல நின்னு அழுதேன். கர்த்தர் தொட்டார். இப்ப ரிப்போர்ட் கார்டுல பொறுமைசாலின்னு எழுதியிருக்காங்க."

பொய். அந்த ஒரு வார்த்தை ஜோவிதாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எட்டு மாதம் கவிழ்த்து வைத்த சீட்டுகள் என்ன ஆயின? கோகிலா அக்கா என்ன ஆனாள்? அவள் அப்பாவைப் பார்த்தாள். தனசிங் கீர்த்தனைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. அன்றுதான் முதன்முறை அதைப் பார்ப்பவர் போல அப்படி ஒரு கவனம்.

அவள் சுண்டுவிரலை அழுத்தினாள். மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி. கட்டைவிரல். ஐந்தும் முடிந்தன. இனி தாராளமாகச் சொல்லலாம், கோகிலா அக்காவே அனுமதி கொடுத்திருக்கிறாள். ஆனால் சொன்னால் இத்தனை பேர் நடுவில் மம்மி தலைகுனிந்து நிற்பாள். மறுபடி சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பாருங்க, பிள்ள அசையாம உக்காந்திருக்கறத," என்றாள் தபீதாள்.

"எல்லாம் அவர் செஞ்ச அற்புதம் அக்கா," என்றாள் ஹெப்சி. கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. பிறகு சமோசாவும் டீயும் வந்தன.

எல்லோரும் போன பிறகு ஜோவிதா கேட்டாள். "பிராமிஸ் பண்ணியே மம்மி."

"அது சாட்சிடா. தேவ நாமத்துக்கு மகிமை. ஊர்க்கத பேசற மாதிரியா?" ஹெப்சி தட்டுகளை அடுக்கினாள். "ஆனா கோகிலா விஷயத்த மட்டும் மூச்சு விட்றாத. மம்மிக்கு அசிங்கமாயிடும்."

"விடும்மா, மம்மி உன் நல்லதுக்குத்தான்," என்றார் தனசிங், பாயைச் சுருட்டிக்கொண்டே. நல்லதாம். பெற்றவர்களுக்கு எதற்கும் இந்த ஒரு வார்த்தை இருக்கிறது.

திங்கட்கிழமை வகுப்பில் ஓட்டவாய் என்ற பெயர் போய் வேறு பெயர் வந்திருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மத்தியானத்துக்குள் வேன் டிரைவர் வரைக்கும் அது பரவிவிட்டது. ஜோவிதா அன்று முழுக்கப் பாத்ரூம் போகவே இல்லை.

நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே, ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, அன்றைய கதை மொத்தத்தையும் அம்மாவிடம் கொட்டுகிறவள் அவள். ஹெப்சி பால் கிளாஸை நீட்டினாள்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு?"

ஜோவிதா ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாக அழுத்தினாள்.

"ஒண்ணுமில்ல மம்மி."

பாலைக் குடித்தாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். பையை அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். ஹெப்சி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்துத் தபீதாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இப்பல்லாம் வீட்லயும் சத்தமே இல்ல. அடுத்த மாசக் கூட்டத்துல இதையும் சொல்லணும்."