நாடா தீர்வதற்குள்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். அது கையில் கிடைத்தால் விடமாட்டார். அன்று நாடா பேட்டரியை விருந்தினர்களுக்குக் காட்டும் விழா. அதை உருவாக்கியது நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த விஞ்ஞானி; நான் அவரோடு அதே அறையில் வேலை செய்கிறவன். பல வருடத் தூக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தொலைத்து, வீட்டில் வசவு வாங்கிச் செய்தது. இதற்கென்று தொடங்கும் தனிப் பிரிவுக்கு யார் தலைவர் என்பதை மைக் மேடையில் அறிவிக்கப்போகிறார். அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ரசாயனம் பூசிய நாடா ஒரு ரீலிலிருந்து ஊர்ந்து வந்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே நனையும். அங்கேயே மின்சாரம் பிறக்கும். தீர்ந்த பகுதி மறு ரீலில் சுற்றிக்கொள்ளும். நாடா ஓடும்வரை மின்சாரம் உண்டு.

"என் மைக்கே இதுலதான் ஓடணும்" என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தாராளமாகப் போதும் என்று ஒரு ரீல் மாட்டினோம். மனிதரை இத்தனை காலம் பார்த்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

அவர் தன் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார். பேட்டரிக்கு வந்து சேர்வதற்குள் ரீல் மெலிந்துவிட்டது. மேடைத் திரைக்குப் பின்னால் அக்கா மாற்று ரீலோடு நின்றார். ஓடும்போதே நுனியோடு நுனி ஒட்ட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் போச்சு.

"தலைவராகப்போறவர் வெளியாள் இல்ல" என்று மைக் குழைந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைதான்."

முன்வரிசையில் அவருடைய மருமகன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போன மாதம் பேட்டரியைத் தட்டிப் பார்த்து, "இதுல பாட்டு வருமா?" என்று கேட்ட அதே மாப்பிள்ளை.

"விட்டுடுங்கக்கா, தீரட்டும்" என்றேன். "ஒரு தடவையாவது அந்த வாய் மூடட்டும்."

அக்காவின் முகம் வெளுத்திருந்தது. ரீலில் கடைசிச் சுற்றுகள்.

"அவரு பேச்சு நின்னா நிக்கட்டும். என் பேட்டரி எப்படிப்பா நிக்கும்?"

சொல்லிக்கொண்டே நுனியை ஒட்டினார். நாடா இடறாமல் உள்ளே போனது.

மருமகனின் பெயர், படிப்பு, குணநலன் எல்லாம் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டன. ஒரு கரகரப்புகூட இல்லை. கூட்டம் கைதட்டியது.

அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பாத்தியா?" என்றார். "ஒட்டுன எடத்துலகூட முள்ளு இறங்கல."