பக்கத்து இருக்கை

வண்டிக்கு அடியில் படுத்திருந்தவனுக்கு முதலில் தெரிந்தது மனைவியின் செருப்புகள்தான். முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் பட்டறைப் பக்கம் வந்ததே இல்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். வீட்டு மாடியிலேயே நடந்துகொண்டிருந்தவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றால் கோபத்தில்தான் வந்திருக்க வேண்டும்.

"சாப்பிட வர்ற எண்ணம் இருக்கா? இல்ல இங்கயே பாய் கொண்டாந்து போட்டுடட்டுமா?"

அவன் உருண்டு வெளியே வருவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், மணல் மூட்டைகள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"இது யாரு?"

வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளுடைய தம்பிதான் சொன்னான். "நீதான்க்கா."

கல்யாணத்துக்கு முன்பே அவன் தன் கையால் கட்டிய வண்டி அது. தரையோடு தரையாக, இரண்டே இருக்கை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருந்ததால் ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதையும் இழுத்து உலுக்கும்; அந்த உலுக்கல் நேரே முதுகுக்கு வரும். அந்த வயதில் இருவருக்கும் அது சிரிப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, தெருமுனை வேகத்தடையில் எவ்வளவு மெதுவாக ஏற்றியும், அவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதன்பின் அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. அவனும் கூப்பிடவில்லை. கூப்பிட முகம் இல்லை.

பட்டறைக்கு வருகிறவர்கள் வளைவில் சீறிப் பாய்வதற்காகப் பின்பக்கத்தை மாற்றச் சொல்வார்கள். இவன் அதே வேலையை மெதுவாகப் போவதற்காகச் செய்தான். அச்சை அறுத்தெடுத்தான். நடுவிலிருந்த பல்சக்கரப் பெட்டியை வண்டியின் சட்டத்தோடு முடுக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கத் தனி இரும்புக் கை, தனி ஸ்பிரிங் கொடுத்தான். முதலில் செய்த கைகள் வளைந்தன. அவள் தம்பி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் அறுத்துப் புதிதாகப் பற்றவைத்தான். இப்போது சக்கரங்களின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஆள் உட்கார்ந்த பாரம் வண்டியில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தம்பி சொல்லி முடிக்கும்வரை அவள் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

"உன் வெயிட்டுதான்."

"எப்ப இருந்த வெயிட்டு?"

அவன் யோசித்தான். "ஆபரேஷனுக்கு முன்னாடி..."

"அதுல ஒரு மூட்டைய எடுங்க. நான் பாதியா இளைச்சுப் போனதை ஊரே சொல்லுது. உங்க கண்ணுக்குத்தான் தெரியல."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கணவனுக்குக் காது சுட்டது. இத்தனை நாள் அவளுக்காகத்தான் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

"எதுக்கு மூட்டை? எல்லாத்தையும் இறக்குங்க. நானே உக்கார்றேன்."

கதவைப் பிடித்து, பல்லைக் கடித்து, அவள் மெல்ல உள்ளே இறங்கினாள். அவன் அளந்தான், முடுக்கினான், மறுபடி அளந்தான். கீழே இருந்து பார்க்கையில், கதவோரம் தொங்கிய அவள் கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறும் போலிருந்தது.

பிறகு வண்டியை வெளியே எடுத்தான். வேகத்தடை வந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க. போங்க."

ஏறி இறங்கியது. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"வலிக்குது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "ஆனா தூக்கி அடிக்கல."

அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் எதிர்பார்த்திருந்தது வேறு பதில்.

"இறங்குங்க," என்றாள்.

"ஏன், வீட்டுக்கு நடந்தா போறது?"

"நீங்கதான் நடப்பீங்க. நான் ஓட்டிப் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வந்தவன், அவள் கையை நீட்டுவதைப் பார்த்து, இறங்கிச் சாவியைக் கொடுத்தான். அவள் வண்டியைப் பிடித்தபடி சுற்றி வந்து உட்கார்ந்தாள். கியர் ஒருமுறை கரகரத்தது. வண்டி நகர்ந்தது.

எத்தனையோ வண்டிகளுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறான். எல்லாவற்றையும் அவனே ஓட்டிப் பார்த்துதான் கொடுப்பான். ஓடும்போது பின்னால் நின்று பார்த்ததில்லை. தெருவின் இடதுபக்கம் மழையில் அரித்துப் போயிருந்தது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. வலது சக்கரம் அதைக் கண்டுகொள்ளாமல் உருண்டது. பின்பக்கக் கண்ணாடி வழியே தெரிந்த அவள் தலை கொஞ்சமும் ஆடவில்லை. தெரு முடியும் இடத்தில் திரும்பி வருவாள் என்று நின்றான். பிரேக் விளக்கு எரியவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம் இண்டிகேட்டர் மின்னி மின்னி, வண்டி திரும்பியதும் அணைந்தது.