வெந்நீரில் கிடந்த ஹோஸ்

கை கழுவலாம் என்றுதான் மெக்கானிக் அந்த அலுமினியப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். காலையில் ஸ்டவ்விலிருந்து இறக்கி வைத்த வெந்நீர் இப்போது வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. உள்ளே விட்ட கையில் ஏதோ தட்டுப்பட்டது. கறுப்பாக, கெட்டியாக, ஒரு சாணும் நாலு விரலும் நீளம்.

வெளியே எடுத்தார். இரண்டு முனைகளும் வெண்ணெயை வெட்டியது போலச் சுத்தமாக இருந்தன. இவ்வளவு சுத்தமாக வேறு யார் வெட்டுவார்கள் என்று, பழக்கதோஷத்தில், ஒரு கணம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அது எந்த ஹோஸ் என்று பார்த்தார்.

அது பிரேக்குக்குப் போகவேண்டிய வேக்குவம் ஹோஸ், இஞ்சினிலிருந்து உறிஞ்சலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். மச்சானின் பழைய முட்டை வேனுக்காக அளந்து வெட்டியது. வேன் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதில் மச்சான் இருந்தார், நூற்றிருபது அட்டை முட்டை இருந்தது, முன் சீட்டில் மெக்கானிக்கின் மனைவி இருந்தாள்.

அப்படியென்றால் பிரேக்கில் மாட்டியிருப்பது எது?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காலையில் வேனுக்கு இரண்டு வேலை. ஒன்று, பவர் ஸ்டீயரிங் பம்ப். வளைக்கும்போதெல்லாம் கன்றுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, சீல் மாற்றி, எண்ணெய் திரும்பி வரும் மெத்து ஹோஸையும் புதிதாகப் போட்டார். அந்த ஹோஸை முதல் தடவை வெட்டியபோது நாலு விரல் கூடிப்போய்விட்டது. அதை மேஜைமேல் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டினார். இரண்டாவது வேலை, வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ். புதிய ஹோஸ் விறைப்பாக இருந்ததால், சுலபமாக ஏறட்டும் என்று வெந்நீரில் போட்டு மூடி வைத்தார். பிறகு மச்சானைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

கெட்டது அங்கேதான்.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். ஊரிலுள்ள மற்ற மெக்கானிக்குகள் செய்த அழிச்சாட்டியங்களை ஆதாரத்தோடு அதில் மாட்டி வைத்திருந்தார். சூயிங்கம்மை வைத்து அடைத்த குழாய், செருப்பு வாரை வெட்டிப் போட்ட வாஷர், மூன்று இடத்தில் கம்பி சுற்றிய ரப்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் ஒரு குரல் மாற்றம். காலையில் செருப்பு வாஷர் கதையை நடித்துக் காட்டிக்கொண்டே கையை நீட்டி மேஜைமேல் இருந்ததை எடுத்தார், மாட்டினார், கிளிப் போட்டு முறுக்கினார். ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. ஆறிய இஞ்சினில் எல்லாமே பிரமாதமாகத்தான் பிடிக்கும்.

இப்போது மேஜையில் அந்த ஸ்டீயரிங் ஹோஸ் சுருளிலிருந்து ஒரு துண்டு மிச்சமிருந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து, அந்தத் துண்டைக் கொஞ்சம் சூடு காட்டி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். நெருக்கிப் பிழிந்த பற்பசை டியூப் மாதிரி தட்டையாகி ஒட்டிக்கொண்டது. எண்ணெய் உள்ளிருந்து தள்ளினால் தாங்கும். உறிஞ்சினால் சுருங்கிவிடும்.

பழைய பெட்ரோல் வேனில் பிரேக்குக்கு உதவுவது இஞ்சினின் உறிஞ்சல்தான். அது போய்ச் சேராவிட்டால் பெடல் கருங்கல். இஞ்சின் மிகப் பலமாக உறிஞ்சுவது எப்போது? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் இறங்கும்போது. வேன் இப்போது போய்க்கொண்டிருக்கும் பாதை பத்து வளைவுள்ள மலை இறக்கம்.

எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார். மூன்றாவது மணியில் மனைவி எடுத்தாள்.

"என்னங்க?"

"எங்க போயிட்டிருக்கீங்க?"

"எறங்க ஆரம்பிச்சுட்டோம். ஸ்டீயரிங் ஒத்தை விரல்ல சுத்துதுன்னு அண்ணன் உங்களைப் புகழ்ந்தார். இன்னிக்கித் தேதியைக் குறிச்சு வச்சுக்கங்க."

"ஸ்பீக்கர்ல போடு. மச்சான், வண்டியை ஓரங்கட்டுங்க."

"ஏன் மாப்ளே?" மச்சானின் குரல் ஜாலியாக இருந்தது. "பின் சக்கரம் என்னைத் தாண்டிப் போகுதா?"

போன வருஷம் மெக்கானிக் இப்படித்தான் போன் செய்து, சக்கரம் கழன்று முன்னால் ஓடுவதாகச் சொல்லியிருந்தார். மச்சான் வண்டியை நிறுத்தி, இறங்கி, நாலு சக்கரத்தையும் எண்ணிப் பார்த்தார். அந்தக் கதை பட்டறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதற்கு முன் ஒரு தடவை, ஹாரனுக்கும் எண்ணெய் ஊற்றவேண்டும் என்று நம்பவைத்திருந்தார்.

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் சொல்லாத வாக்கியம் அது. அதற்குப் பதிலாக வாய் தானாகவே வேறொன்றைச் சொன்னது.

"உள்ள ஒரு ஸ்பேனரை விட்டுட்டேன் மச்சான். நிறுத்துங்க, வந்து எடுத்துக்கறேன்."

"அதுக்கா? சாயங்காலம் கொண்டுவந்து தர்றேன், போங்க."

போனுக்குள் டயர் லேசாகக் கிறீச்சிட்டது. ஒரு வளைவு போய்விட்டது. தன் மானத்துக்கு ஒரு வளைவைக் கொடுத்தாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. மிச்சம் எத்தனை இருக்கிறதோ.

"மச்சான், நான் தப்புப் பண்ணிட்டேன். பிரேக்குக்கு வேற ஹோஸை மாட்டிட்டேன். சூடேறினா பிரேக் பிடிக்காது."

மச்சான் வெடித்துச் சிரித்தார். "தங்கச்சி, கேட்டியா? உன் வீட்டுக்காரர் தப்புப் பண்ணிட்டாராம்! இது சக்கரத்தை விடப் பெரிய புளுகா இருக்கே!"

மனைவி சிரிக்கவில்லை. "அண்ணே, நிறுத்து."

"நீயுமா?"

"இவர் நடிச்சா எனக்குத் தெரியும். இது நடிப்பில்ல. எனக்குப் பயமாயிருக்கு, நிறுத்துண்ணே."

"சரி சரி, அழாத. இதோ, ஓரமா..."

பேச்சு பாதியில் நின்றது. இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மீண்டும் பேசியபோது மச்சானின் குரலில் இருந்த ஜாலி துடைத்தெடுத்தது போலப் போயிருந்தது.

"மாப்ளே. பெடல் எறங்கல."

"ரெண்டு காலையும் வச்சு மிதிங்க."

"மிதிக்கறேன்யா! கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம்தான் குறையுது. இஞ்சினை ஆஃப் பண்ணிடறேன்..."

"தொடாதீங்க!" மெக்கானிக் போட்ட சத்தத்தில் பட்டறைக் கூரையிலிருந்த புறா பறந்தது. "சாவியைத் தொடாதீங்க. இஞ்சின் நின்னா பம்ப் நின்னுடும், ஸ்டீயரிங் இறுகிடும். அப்புறம் வளைவுல திருப்பவே முடியாது. எந்த கியர்ல இருக்கீங்க?"

"மூணு."

"ரெண்டுக்கு வாங்க. இஞ்சின் கத்தும், கத்தட்டும்."

இஞ்சின் கத்தியது. பின்னால் முட்டை அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் சத்தமும் கேட்டது.

"இப்ப எந்த வளைவு தாண்டினீங்க? போர்டைப் படிச்சுச் சொல்லு."

"எனக்குப் போர்டு தெரியலங்க!" மனைவியின் குரல் உடைந்தது. "கண்ணாடி வாங்கத்தானே போயிட்டிருக்கேன்!"

எட்டு மாதமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவர் தள்ளிப்போட்ட கண்ணாடி. கடைசியில் அண்ணன் கூட்டிப்போகிறேன் என்றார். மெக்கானிக் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்தது.

"சரி, வெளியே என்ன தெரியுது? பெருசா ஏதாவது சொல்லு."

"மஞ்சளா ஒண்ணு. தண்ணித் தொட்டி மாதிரி. அதோ, தாண்டியாச்சு."

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. அப்படியென்றால் அடுத்தது ஐந்தாம் வளைவு. அதைத் தாண்டியதும் நேரான இறக்கம், மலைப்பக்கம் சாலை வேலைக்குக் கொட்டிவைத்த ஜல்லிக் குவியல். போன வாரம் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க அங்கே போனபோது, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு எவன் கொட்டினான் என்று திட்டிவிட்டு வந்திருந்தார். இப்போது அந்தப் புண்ணியவானின் காலில் விழவும் தயாராக இருந்தார்.

"மச்சான், அஞ்சாவது வளைவைத் தாண்டினா மலைப்பக்கம் ஜல்லி குவிச்சிருக்கும். அதுல ஏத்துங்க."

"இந்த வேகத்துல வளைவையே தாண்ட முடியாது மாப்ளே! ரொம்பக் கிட்ட வந்துடுச்சு!"

மெக்கானிக் கண்ணை மூடினார். சற்றுமுன் உறிஞ்சிய துண்டு வாயிலிருந்து எடுத்ததும் மெல்ல உப்பிப் பழையபடி உருண்டையானது நினைவுக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இஞ்சினின் உறிஞ்சல் தளரும், உறிஞ்சல் தளர்ந்தால் ஹோஸ் திறக்கும். ஒரு நொடி திறந்தால்கூட ஒரு மிதிக்கு வேண்டிய உறிஞ்சல் பிரேக் பூஸ்டருக்குப் போய்விடும். ஒரே ஒரு மிதி.

"மச்சான், நான் சொல்றதைக் கேளுங்க. பிரேக்குலேர்ந்து காலை எடுங்க. ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிட்டு விடுங்க. ரெண்டு எண்ணிட்டு பிரேக்கை ஒரேயடியா மிதிங்க. விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒரு தடவைதான் கிடைக்கும்."

"ஆக்ஸிலேட்டரா? யோவ், பிரேக் இல்லாதவனை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்றீயே, உனக்கு இதுலயும் விளையாட்டா?"

கேட்டதில் தப்பே இல்லை. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் மெக்கானிக்கும் அதையேதான் கேட்டிருப்பார், கூட இரண்டு கெட்ட வார்த்தை சேர்த்து.

"அவ உள்ள இருக்கா மச்சான்," என்றார்.

"அண்ணே, செய்," என்றாள் மனைவி.

இஞ்சின் ஒரு முறை உறுமித் தாழ்ந்தது. மெக்கானிக் பட்டறைத் தரையில் நின்றுகொண்டு வலது காலால் சிமென்டை மிதித்தார். ஒன்று. இரண்டு. போனுக்குள் டயர்கள் அலறின. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ முழுபலத்தோடு திருப்பும் முனகல். பிறகு மழை போல ஒரு சத்தம், சடசடவென்று கல்லும் தகரமும். அதற்குமேல் போனில் ஒன்றுமில்லை.

"ஹலோ?"

ஒன்றுமில்லை.

பட்டறையைப் பூட்டினாரா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பைக்கை எடுத்தது மட்டும் தெரியும். சட்டைப் பையில் அந்தக் கெட்டி ஹோஸ், மற்றொரு பையில் ஸ்க்ரூ டிரைவர். வழியெல்லாம் அவருக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஐந்தாம் வளைவைத் தாண்டியபோது வேன் தெரிந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் ஜல்லிக்குள் புதைந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பின்கதவு இடுக்கு வழியாக மஞ்சள் கரு மெதுவாக ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் ஜல்லிமேல் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நின்றுகொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, கையில் கண்ணாடி உடைந்த போன்.

மெக்கானிக் பைக்கை ஸ்டாண்டு போட மறந்து இறங்கினார். அது தொப்பென்று சாய்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடிபட்டுதா?"

"முழங்கைதான்." அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள். "அது என்ன?"

"நானே அடிச்சுக்கிட்டது."

"பத்தாது," என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவருடைய எண்ணெய்ச் சட்டையில் முகத்தை வைத்து, ஓசையில்லாமல்.

மச்சான் ஜல்லிமேலிருந்து எழுந்தார். "ஸ்டீயரிங் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்தை விரல்ல சுத்துச்சு மாப்ளே. அதைச் சொல்லியாகணும்."

"திட்டிடுங்க மச்சான். அதைக்கூடத் தாங்கிக்குவேன்."

"திட்டறேன். முதல்ல வண்டியைப் பாருங்க."

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். மெத்து ஹோஸ் சூட்டில் நெளிந்து நாய் நாக்கு மாதிரி தொங்கியது. அதைக் கழற்றிவிட்டுக் கெட்டி ஹோஸைத் திணித்தார். ஏறவில்லை. ஆறி விறைத்திருந்தது. மனைவி வேனுக்குள்ளிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்து வந்தாள். உடையாமல் தப்பியது அது ஒன்றுதான். டீயை ஹோஸ் முனையில் ஊற்றினாள்.

"சர்க்கரை போட்டிருக்கு," என்றாள். "பரவாயில்லையா, இல்ல அதுக்கும் ஏதாவது ஆகுமா?"

"ஆகாது. துடைச்சுடறேன்."

துடைத்தார். ஹோஸ் ஏறியது. கிளிப்பை முறுக்கி, இழுத்துப் பார்த்து, மீண்டும் இழுத்துப் பார்த்தார். நாலு முறை பார்த்தார். இஞ்சினை முறுக்கி, சூடேற்றி, பெடலை மிதித்தார். பெடல் மெத்தென்று இறங்கியது. அவ்வழியே வந்த ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி வேனைப் பின்னால் இழுத்துவிட்டார். நசுங்கிய பம்பரைத் தவிர வேனுக்குப் பெரிதாக எதுவும் இல்லை.

கீழே கிடந்த மெத்து ஹோஸை மெக்கானிக் காலால் பள்ளத்தின் பக்கம் தள்ளப் பார்த்தார். மனைவி குனிந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"உங்க பலகையில மாட்டத்தான்."

"ஆணி காலி இல்லியே."

"அந்தச் செருப்பு வாஷரை இறக்கிடுங்க. அந்த ஆள் ரொம்ப நாள் தொங்கிட்டார்."

மச்சான் சாவியை நீட்டினார். "நீங்களே ஓட்டுங்க. உங்க வேலைமேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கான்னு நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்."

"பின்னாடி முட்டைல உக்காரணும் மச்சான்."

"அதுக்கும் சேர்த்துத் திட்டறேன்."

மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேண்டியதற்கு மேல் கெட்டியாகக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். வேன் நடக்கிற வேகத்தில் இறங்கியது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். அவர் கவலைப்படவில்லை.

"வளைவு ஆறு," என்று போர்டைச் சத்தமாகப் படித்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழு," என்றார், அடுத்ததில். அப்படியே ஒவ்வொன்றாக, கீழே கண்ணாடிக் கடை வாசல் வரைக்கும், வழியில் கண்ணில் பட்ட எந்தப் போர்டையும் விடாமல் அவளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே போனார்.